ஆமணக்குப் புழுவும் ஏலத்தட்டைப் புழுவும் ஒன்றா? மஞ்சள் இறகில் கறுப்புப் புள்ளி எண்ணிய கதை

கேள்வி, 4 ஜூன் 2022

வண்டன்மேடு பக்கம் மூன்று ஏக்கர் ஏலம் வைத்திருக்கிறேன். இந்த வருடம் தட்டையில் துளை அதிகம். துளை வாயில் மரத்தூள் மாதிரி எச்சம் தள்ளுகிறது, கொஞ்ச நாளில் நடுக்குருத்து காய்ந்துவிடுகிறது. வேலி ஓரம் தானாக முளைத்த ஆமணக்கு ஆள் உயரம் நிற்கிறது, அதன் காயிலும் புழு. இரண்டு இடத்திலும் பார்த்தது ஒரே மஞ்சள் அந்துப்பூச்சி, இறகு முழுக்கக் கறுப்புப் புள்ளி. ஆமணக்கை வெட்டினால் ஏலம் தப்பும் என்கிறார் மேஸ்திரி. வெட்டிவிடலாமா அண்ணே? இரண்டு படமும் போட்டிருக்கிறேன்.

4 ஜூன் 2022, இரவு

வெட்டாதீர்கள். இந்தக் காரணத்துக்காக வெட்டவே வேண்டாம்.

ஆமணக்குக் காயில் இருப்பது கோனோகீதஸ் பங்க்டிஃபெராலிஸ். ஏலத்தட்டையில் இருப்பது கோனோகீதஸ் சகியாத்ரியென்சிஸ். பேரினம் ஒன்று, இனம் வேறு. இரண்டாவதற்குப் பெயர் வைத்ததே 2018-ல்தான். அதுவரை எல்லோரும் இரண்டையும் ஒரே பூச்சியாகத்தான் எழுதினார்கள்.

உங்கள் படத்திலேயே வித்தியாசம் தெரிகிறது. ஏலத்தில் எடுத்த பூச்சிக்குப் புள்ளிகள் பெரியவை, நெருக்கமானவை. ஆமணக்கில் எடுத்ததற்குப் புள்ளி சிறியது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

5 ஜூன் 2022

முதலில் பூச்சியை ஒழுங்காகப் பார்த்துவிடலாம். இறகை விரித்தால் இரண்டரை சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும். நிறம் நல்ல வைக்கோல் மஞ்சள். முன்னிறகு, பின்னிறகு, முதுகு, வயிறு எல்லா இடத்திலும் கறுப்புப் புள்ளிகள். அவை இஷ்டத்துக்குச் சிதறியவை அல்ல. உற்றுப் பார்த்தால் இறகுக்குக் குறுக்கே கோணல் வரிசைகளாக நிற்பது தெரியும். ஆணுக்கு வயிற்று நுனியில் கறுப்பு மயிர்க்கொத்து இருக்கும். பெண்ணுக்கு அந்த நுனி கூம்பிப் போயிருக்கும். பகலில் இலைக்கு அடியில் இறகைத் தட்டையாக விரித்து ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டையை அசைத்தால் நாலு அடி பறந்து அடுத்த இலைக்கு அடியில் போய் ஒட்டும். ஏலக்காட்டில் காய் எடுக்கப் போன எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள், பெயர்தான் தெரிந்திருக்காது.

கிராம்பிடே குடும்பம், அதற்குள் ஸ்பைலோமெலினே துணைக்குடும்பம். நெல் இலைசுருட்டுப் புழு, கத்தரிக்காயைத் துளைக்கும் புழு இரண்டும் இந்தத் துணைக்குடும்பம்தான். விவசாயிக்கு வேண்டாத சொந்தக்காரர்கள் நிறைய உள்ள வீடு.

பெயர்க்கதை நீளமானது. 1854-ல் பிரான்சின் கெனே இதற்குப் பங்க்டிஃபெராலிஸ் என்று பெயர் வைத்தார். புள்ளி தாங்கியது என்று பொருள். அவர் வைத்தது ஆஸ்டுரா என்ற பேரினத்தில். கோனோகீதஸ் என்ற பேரினத்தை மேரிக் 1884-ல் உருவாக்கினார். ஆனால் நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் ரொம்ப காலம் டைக்கோக்ரோசிஸ் பங்க்டிஃபெராலிஸ்தான். அந்தக் காலத்தில் அக்ரி படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். என் சித்தப்பாவின் கல்லூரி நோட்டில் பச்சை மையில் அதை எழுதிப் பக்கத்தில் ஒரு ஆமணக்குக் குலையும் வரைந்து வைத்திருக்கிறார்.

அதே பக்கத்தில் அது தின்னும் செடிகளின் பட்டியல்: ஆமணக்கு, ஏலம், இஞ்சி, மஞ்சள், கொய்யா, மாதுளை, மாம்பூ. வெளிநாட்டில் பீச், டூரியன் வேறு. ஆஸ்திரேலியாவில் பருத்திக் காயிலும் வந்து குவீன்ஸ்லாந்து காய்ப்புழு என்று பெயர் வாங்கியிருக்கிறது. இவ்வளவு நீளப் பட்டியலைப் பார்த்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரே புழு கொய்யாப் பழத்தையும் தின்று, நார் நாராக இருக்கும் ஏலத்தட்டையையும் துளைக்குமா?

5 ஜூன் 2022, மாலை

இதில் ஏன் இவ்வளவு வேகமாக 'வெட்டாதீர்கள்' என்றேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

1998-ல் எங்கள் தோட்டத்திலும் இதேபோலத் தட்டை காய்ந்தது. பார்க்க வந்த ஒருவர் வேலியில் நின்ற ஆமணக்கைக் காட்டி, தாய்வீடு அங்கே இருக்கிறது, அதை ஒழியுங்கள் என்றார். அப்பா இரண்டு ஆள் வைத்து ஒரே நாளில் அத்தனையையும் வெட்டிச் சாய்த்தார். என் அப்பத்தா அந்தச் செடிகளில்தான் முத்து எடுத்து, வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் விளக்கெண்ணெயை அகப்பையில் அள்ளுவார். வருடத்துக்கு நாலு பாட்டில் தேறும். பேரப்பிள்ளைகள் தலைக்கும் அதுதான், சாமி விளக்குக்கும் அதுதான். வெட்டிய அன்று அவர் யாரோடும் பேசவில்லை. அடுத்த வருடம் தட்டையில் துளை அதே அளவு. அதற்கடுத்த வருடம் இன்னும் கூட. அப்பத்தா போய்ச் சேரும்வரை கடையில்தான் எண்ணெய் வாங்கினோம்.

சொன்னவர் மேல் கோபம் இல்லை. அன்று எழுத்தில் இருந்த அறிவு அதுதான். ஒரே பூச்சி என்று எழுதியிருந்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ஒரு பெயர் தப்பாக இருந்ததற்கு எங்கள் வேலி பதில் சொன்னது. அதனால்தான் எனக்கு இந்த விஷயத்தில் பொறுமை குறைவு.

9 ஜூன் 2022

இன்று உட்கார்ந்து எண்ணினேன். 2016-லிருந்து நான் எடுத்த கோனோகீதஸ் படங்கள் 41. நாலு இறகும் முழுதாகத் தெரிபவை 29. அதில் 'ஏலம்' கோப்பில் 16, 'ஆமணக்கு' கோப்பில் 13.

முன்னிறகு ஒவ்வொன்றிலும் புள்ளிகள் 25-லிருந்து 28 வரை. பின்னிறகில் 13-லிருந்து 16 வரை. இரண்டு கோப்பிலும் இதே எல்லைதான். எண்ணிக்கையை வைத்துப் பிரிக்க முடியாது என்று இப்போதே சொல்லிவிடலாம். அளவுதான் மிச்சம். ஏலத்தில் பெரிய புள்ளி, ஆமணக்கில் சின்னப் புள்ளி என்று 4-ஆம் தேதி எழுதினேன் அல்லவா, அதைத் திரையில் பெரிதாக்கி அளந்து பார்க்கப் போகிறேன்.

அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு. கூடவே எண்ண உட்கார்ந்தாள். நான் 26 என்றால் அவள் 27 என்பாள். ஒட்டிக்கொண்ட இரண்டு புள்ளியை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று அரை மணி நேரம் வழக்கு. கடைசியில் நடுவில் மஞ்சள் கோடு ஒரு மயிரளவு தெரிந்தாலும் இரண்டு என்று தீர்ப்புச் சொன்னாள். அந்த விதியைத்தான் இப்போது பின்பற்றுகிறோம்.

10 ஜூன் 2022, காலை

திருத்தம். பெரிய திருத்தம்.

அளக்கத் தொடங்கும் முன் ஒவ்வொரு படத்தின் குறிப்பையும் படித்தேன். 'ஏலம்' கோப்பில் உள்ள 16-ல் 11 பூச்சிகள் ஏல இலைக்கு அடியில் உட்கார்ந்திருந்தவை. 5 பூச்சிகள் காய் உலர்த்தும் ஸ்டோரின் விளக்குக்கு வந்தவை. ஏலத்தட்டைக்குள்ளிருந்து வெளிவந்தது என்று நான் கண்ணால் கண்டது ஒன்றுகூட இல்லை. ஏல இலையில் உட்கார்ந்த பூச்சி ஏலத்தில் வளர்ந்த பூச்சிதான் என்று எப்படிச் சொல்வது? பத்தடி தள்ளி ஆமணக்கு நிற்கிறது. பகலில் நிழலுக்கு எந்த இலையும் ஆகும்.

'ஆமணக்கு' கோப்பு பரவாயில்லை. 13-ல் 4 பூச்சிகள் முற்றத்தில் காயப்போட்ட குலையிலிருந்து வெளிவந்தவை. மற்றவை அங்கும் இலையில் உட்கார்ந்தவைதான்.

ஆகவே 4-ஆம் தேதி எழுதிய 'படத்திலேயே வித்தியாசம் தெரிகிறது' என்பதைத் திரும்பப் பெறுகிறேன். அந்தக் குறிப்பை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். ஆனால் 'வெட்டாதீர்கள்' என்றது நிற்கிறது. அது புள்ளியை வைத்துச் சொன்னது அல்ல. புழு தட்டைக்குள் இருந்தது, தட்டை ஏலம், அவ்வளவுதான் அதற்குச் சாட்சி.

12 ஜூன் 2022

வளர்த்துப் பார்ப்பது என்று முடிவு. கேள்வி கேட்ட தம்பியும் வண்டன்மேட்டில் தொடங்குகிறார். முறையைக் கேட்டதால் எழுதுகிறேன்.

ஈரமான புது எச்சம் தள்ளும் தட்டையைத் தேட வேண்டும். காய்ந்து பழுப்பாகிப் போன எச்சம் என்றால் புழு கூடு கட்டியிருக்கும், இல்லையென்றால் போயிருக்கும். துளைக்கு மேலும் கீழும் ஒரு சாண் விட்டு வெட்டி, வாயகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் நிற்கவைத்து, அடியில் கொஞ்சம் ஈர மணல், மேலே பழைய வேட்டித் துணியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் போதும். மூடி போட்டு மூடினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நாலு நாளைக்கு ஒருமுறை பக்கத்தில் புதுத் தண்டு ஒன்று வைத்தால் புழு தானே மாறிக்கொள்ளும். ஆமணக்கு இன்னும் சுலபம், புழு உள்ள குலையை அப்படியே போடலாம். காய்களை நூலும் எச்சமும் கொண்டு ஒட்டவைத்திருக்கும், அதைப் பிரிக்க வேண்டாம்.

டப்பா மேல் தேதி, இடம், செடி. செடியைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

புழு எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு: வெளிறிய உடம்பு, மேலே லேசான ரோஸ் நிறம், வரிசையாகக் கரும்பொட்டு மாதிரி மேடுகள், ஒவ்வொரு மேட்டிலும் சில மயிர்.

13 ஜூன் 2022

மேஸ்திரி இன்னும் ஆமணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். டப்பாவிலிருந்து பூச்சி வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

25 ஜூன் 2022

ஒரு சின்னச் சோதனை செய்தேன். ஆமணக்குக் காயிலிருந்து எடுத்த இரண்டு புழுக்களைப் புது ஏலத்தண்டோடு விட்டேன். முதல் நாள் டப்பா சுவரில் சுற்றிச் சுற்றி வந்தன. தண்டைக் கொஞ்சம் சுரண்டியதோடு சரி. மூன்றாம் நாள் ஒன்று செத்தது, மற்றதைத் திரும்பக் காய்க்கே மாற்றிவிட்டேன். உடனே துளைத்து உள்ளே போனது.

இரண்டு புழுவை வைத்து எதுவும் நிரூபிக்க முடியாது. பாதி வளர்ந்த புழு எந்தச் செடியிலும் இடம் மாற அடம் பிடிக்கும். முட்டையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். பார்த்ததை எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

3 ஜூலை 2022

வந்துவிட்டன!

ஏலத் தட்டை டப்பாக்கள் 9. வெளிவந்தவை 5 பூச்சி. இரண்டு டப்பாவில் பூச்சிக்குப் பதில் சிறு குளவிகள் வந்தன. புழுவுக்குள் முட்டையிட்டு வளர்ந்தவை. மீதி இரண்டு அழுகிப்போயின. ஆமணக்கில் 7 பூச்சி. எல்லாம் இரவில்தான் வெளிவந்திருக்கின்றன, காலையில் பார்த்தால் துணிக்கு அடியில் இறகு விரித்து உட்கார்ந்திருக்கின்றன. புதிதாக வந்த பூச்சியின் மஞ்சளைப் பார்க்க வேண்டும். காட்டில் பார்ப்பது எல்லாம் அடிபட்ட மஞ்சள் என்று அப்போதுதான் தெரிகிறது.

இப்போது எண்ணிக்கை. ஏலம்: முன்னிறகில் 25, 26, 26, 27, 27. ஆமணக்கு: 25, 26, 26, 26, 27, 27, 28. இவை இடது இறகுக் கணக்கு. ஏன் இடது என்று சொல்கிறேன் என்றால், வலதும் எண்ணியபோதுதான் விஷயமே புரிந்தது. 12 பூச்சிகளில் 5 பூச்சிகளுக்கு இடதும் வலதும் ஒத்துப்போகவில்லை. ஒரு ஏலப் பூச்சிக்கு இடப்பக்கம் ஓரத்தில் இரண்டு புள்ளி தனித்தனியே நிற்கிறது, வலப்பக்கம் அதே இரண்டும் கலந்து ஒரு சின்னப் பட்டையாகிவிட்டது. ஒரே உடம்பின் இரண்டு இறகே ஒத்துப்போகாதபோது, அந்த எண்ணிக்கையை வைத்து இனம் பிரிக்க நினைத்தேன்.

புள்ளி அளவும் அப்படித்தான். ஆமணக்கில் வந்ததிலேயே பெரிய பூச்சிக்குத்தான் பெரிய புள்ளி. பூச்சி பெரிதானால் புள்ளியும் பெரிது. நன்றாகத் தின்ற புழு பெரிய பூச்சியாகும். 4-ஆம் தேதி தம்பியின் படத்தில் நான் பார்த்த 'வித்தியாசம்' ஒரு கொழுத்த பூச்சிக்கும் ஒரு மெலிந்த பூச்சிக்கும் உள்ளதாக இருக்கலாம்.

4 ஜூலை 2022

'அப்படியென்றால் இரண்டு இனம் என்று எப்படித்தான் சொன்னார்கள்?' நியாயமான கேள்வி.

ஷஷாங்க், கம்மார், மல்லி, சக்கரவர்த்தி ஆகிய நால்வர் 2018-ல் புது இனத்தை விவரித்தார்கள். இறகை மட்டும் நம்பியிருந்தால் நடந்திருக்காது. அந்துப்பூச்சிகளில் இனப்பெருக்க உறுப்பின் அமைப்புதான் பழைய, நம்பகமான சாட்சி. வயிற்றின் நுனியைக் காரத்தில் ஊறவைத்து, சதையைக் கரைத்து, மிஞ்சும் ஓட்டை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆண் பெண் உறுப்புகள் பூட்டும் சாவியும் மாதிரி. இனத்துக்கு இனம் வளைவும் முள்ளும் மாறும். அதோடு மரபணு. பூச்சிகளை அடையாளம் காண வழக்கமாக எடுக்கும் ஒரு துண்டு இருக்கிறது, சுமார் 658 எழுத்து நீளம். அதில் ஏலத்துப் பூச்சி தனியாகப் போய் நின்றது. கூடவே உணவுச்செடி: இது இஞ்சிக் குடும்பத்துக்காரன், மற்றது கண்டதையும் தின்பவன்.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, 'வயித்தைக் கரைச்சுப் பார்த்துத்தான் பேர் வைக்கணும்னா உங்க அப்பாவுக்குப் பேரே கிடைச்சிருக்காது, பக்கத்துலயே விடமாட்டாரு' என்றார்.

19 ஜூலை 2022

ஜப்பானில் இதே கதை நமக்கு முன்னால் நடந்திருக்கிறது. அங்கே பங்க்டிஃபெராலிஸ் பீச்சிலும் செஸ்ட்நட் கொட்டையிலும் வரும். பைன் மரத்தின் ஊசியிலைகளைப் பின்னித் தின்னும் ஒரு கூட்டமும் இருந்தது. ரொம்ப காலம் 'பழ வகை', 'பைன் வகை' என்று ஒரே இனத்தின் இரண்டு வகையாகவே எழுதிவந்தார்கள். 2006-ல் இனோவே, யமனாக்கா இருவரும் பைன் வகைக்கு கோனோகீதஸ் பினிகோலாலிஸ் என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். பூச்சியை நேரில் வைத்துப் பார்த்தால் அதுவும் மஞ்சளும் புள்ளியும்தான்.

எனக்கு இதில் பிடித்தது, அங்கும் முதலில் பிரித்துப் பார்த்தது செடியைத்தான் என்பது. பெயர் வருவதற்கு முன்பே 'இது பைனில் வருவது' என்று யாரோ குறித்துவைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பெயர் வைக்க எதுவும் இருந்திருக்காது.

2 ஆகஸ்ட் 2022

ஒருவர் 'எங்கள் ஊரிலும் கோனோகீதஸ்' என்று போட்ட படம் கோனோகீதஸ் அல்ல. ஆர்ஜினா. இதன் புள்ளிகளைப் பாருங்கள், ஒவ்வொரு கறுப்புப் புள்ளியையும் சுற்றி வெளிறிய வளையம். நிறமும் மஞ்சளைவிட ஆரஞ்சுப் பக்கம். அளவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குடும்பமே வேறு. வயலில் சணப்பை விதைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அல்லது வரப்பில் கிலுகிலுப்பை இருக்கும். அதன் புழு அந்தச் செடிகளில்தான் வளரும்.

3 ஆகஸ்ட் 2022

சணப்பைதானாம். பசுந்தாள் உரத்துக்கு விதைத்ததாம். இப்படிச் செடியோடு சொன்னால் எவ்வளவு சுலபம் பாருங்கள்.

14 ஆகஸ்ட் 2022

கொஞ்சம் விலகிப் போகிறேன். பங்க்டிஃபெராலிஸ், பினிகோலாலிஸ், நெல் இலைசுருட்டுப் புழுவின் மெடினாலிஸ், கத்தரிப் புழுவின் ஆர்போனாலிஸ்: எல்லாம் ஏன் 'ஆலிஸ்' என்று முடிகின்றன?

லின்னேயஸ் வைத்த பழக்கம். அந்துப்பூச்சிகளை அவர் கூட்டம் கூட்டமாகப் பிரித்தபோது ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு விகுதி கொடுத்தார். பைராலிஸ் கூட்டத்துக்கு 'ஆலிஸ்', டைனியா கூட்டத்துக்கு 'எல்லா', டார்ட்ரிக்ஸ் கூட்டத்துக்கு 'ஆனா'. பெயரின் வாலைப் பார்த்தே எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லலாம். பின்னால் வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் அப்படியே வைத்தார்கள். கெனேயும் 1854-ல் அந்த வழக்கப்படிதான் வைத்தார்.

சகியாத்ரியென்சிஸ் அந்த வாலை விட்டுவிட்டது. அது இருக்கும் மலையைப் பெயராக எடுத்துக்கொண்டது. சகியாத்ரி என்பது மேற்குத் தொடர்ச்சி மலைதான். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே தெரிகிற மலையின் பெயர் ஒரு பூச்சியின் பெயரில் இருப்பதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது.

11 செப்டம்பர் 2022

இனக்கவர்ச்சிப் பொறி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பங்க்டிஃபெராலிஸ் பெண் பூச்சி ஆணை அழைக்க வெளியிடும் வாசனை ஜப்பானில் கண்டறியப்பட்டது. ஹெக்ஸாடெசெனால் என்ற பொருளின் இரண்டு வடிவங்கள், ஏறக்குறைய 9-க்கு 1 என்ற அளவில். பொறிக்குள் வைக்கும் மருந்து இந்தக் கலவையைப் பார்த்துச் செய்ததுதான்.

இங்கே கவனம் வேண்டும். அந்துப்பூச்சிகளில் நெருங்கிய இனங்கள் ஒரே பொருட்களை வேறு வேறு அளவில் கலந்து பயன்படுத்துவது சகஜம். அப்படித்தான் ஒன்றின் ஆண் இன்னொன்றின் பெண்ணிடம் போகாமல் இருக்கிறது. பழத்தில் வளரும் பூச்சிக்கு ஆராய்ந்த கலவையை ஏலக்காட்டில் தொங்கவிட்டு, 'ஒன்றும் விழவில்லை, ஆகவே பூச்சி இல்லை' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. விழுந்தாலும் விழுந்தது எது என்று பார்க்க வேண்டும். பக்கத்து ஆமணக்குக்காரனாக இருக்கலாம். பொறியை வாங்குங்கள், ஆனால் எச்சம் தள்ளும் தட்டையை எண்ணுவதை விடாதீர்கள்.

2 அக்டோபர் 2022

தம்பியின் தோட்டத்தில் மறுபடி பூச்சி நடமாட்டம். இது அதற்கு உரிய மாதம்தான். புழு தட்டைக்குள் போய்விட்டால் மேலே அடிக்கும் மருந்து எட்டாது. முட்டை பொரித்து இளம் புழு வெளியே திரியும் சில நாட்கள்தான் வாய்ப்பு. காய் எடுப்பு நடக்கும் நேரத்தில் கண்டபடி அடித்தால் மருந்து காயில் நிற்கும், தேன் எடுக்க வரும் ஈக்களும் சாகும். ஏலப்பூவுக்கு ஈ வராவிட்டால் காய் ஏது? புது எச்சம் தெரியும் தட்டையை உடனே வெட்டி எடுத்துப் புழுவோடு அழிப்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஒரே ஒரு தட்டையை மட்டும் எனக்காக டப்பாவில் போடுங்கள்.

கூடவே இன்னொரு வேலை. தோட்டத்துக்கு மேலே சோலை ஓரத்தில் காட்டு இஞ்சி, அரத்தை மாதிரிச் செடிகள் நிற்குமே, அவற்றின் தண்டைப் பாருங்கள். இஞ்சிக் குடும்பப் பூச்சி என்றால் தாய்வீட்டை அங்கேதான் தேட வேண்டும். வெட்டச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறேன்.

6 நவம்பர் 2022

விளக்குக்கு வந்த பூச்சிகளின் படம் எட்டு வந்திருக்கிறது. எட்டும் அழகு. எதற்கும் இனப் பெயர் சொல்ல மாட்டேன். 'கோனோகீதஸ்' என்று நிறுத்திக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் புள்ளியைப் பார்த்து டக்கென்று சொல்லியிருப்பேன். 2016-லிருந்து என் 41 படங்களுக்கும் அப்படித்தான் பெயர் போட்டு வைத்திருந்தேன். போன வாரம் உட்கார்ந்து 37-ல் இனப் பெயரை எடுத்துவிட்டேன். மிஞ்சியவை முற்றத்தில் காய்ந்த ஆமணக்குக் குலையிலிருந்து வந்த அந்த 4.

தயவுசெய்து புழுவைத் தேடுங்கள். பூச்சி பறந்துவந்து உட்காரும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. புழு தின்றுகொண்டிருக்கும் செடியைவிட நல்ல சாட்சி நம்மிடம் இல்லை.

27 நவம்பர் 2022

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை மாதம் தள்ளிப்போட்டேன். வெட்டியது வீண் என்று அவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. டப்பாக்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு பூச்சியையும் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். 'ரெண்டும் ஒண்ணுதானேடா' என்றார். அப்பா, எனக்கும் அப்படித்தான் தெரிகிறது, ஆனால் இது காயில் வளர்ந்தது, இது தட்டையில் வளர்ந்தது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, 'அம்மாகிட்ட கேட்டிருக்கலாம். முத்துல இருக்குற புழு வேற, தட்டையில இருக்குற புழு வேறன்னு அன்னைக்கே சொல்லுச்சு' என்றார்.

அப்பத்தா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. 1998-ல் எனக்குப் பதினோரு வயது.

எப்படித் தெரிந்தது அவருக்கு? வருடா வருடம் முத்து உடைத்தவர், புழுவைக் கையில் எடுத்து எறிந்தவர். அதற்குமேல் அப்பாவுக்கும் நினைவில்லை.

15 ஜனவரி 2023

வண்டன்மேட்டு நிலவரம்: தம்பி ஆமணக்கை வெட்டவில்லை. துளை விழுந்த தட்டைகளை வாரம் ஒருமுறை சுற்றிவந்து எடுக்கிறார்கள். போன வருடத்தைவிடக் குறைந்திருக்கிறது என்கிறார். ஒரு வருடத்தை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன், இன்னும் இரண்டு வருடம் எண்ணட்டும். மேஸ்திரியே இப்போது டப்பாவில் பென்சிலால் எழுதுகிறாராம். ஆமணக்கு முத்து ஒரு படி அனுப்பியிருந்தார், பாதியை எங்கள் வேலியில் ஊன்றியிருக்கிறேன்.

சோலை ஓரத்துக் காட்டு இஞ்சித் தண்டில் துளை இருந்தது. மூன்று டப்பா போட்டோம். ஒன்றில் குளவி, ஒன்றில் இன்னும் கூடு. மூன்றாவதில் இன்று காலை ஒரு பெண் பூச்சி. அண்ணன் மகள் எண்ணினாள்: இடது 26, வலது 27. வயிற்று நுனியைக் கரைத்துப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் பார்த்துத்தருவதாகச் சொல்லியிருக்கிறார், செடியின் இலையோடு சேர்த்து நாளை அனுப்புகிறோம்.